சுண்ணாம்பு பூசாத முட்டி

விடிந்தும் விடியாத நேரத்தில் பின்வேலிப் படலை கிறீச்சிட்டது. அரிசிமாவைச் சலித்து வைத்துவிட்டு அடுக்களைக்குள் காத்திருந்த வினிபிரட் எழுந்து ஓடினாள்.

படலைக்கு வெளியே நல்லம்மா கையில் ஒரு மண்முட்டியோடு நின்றாள். ஊரில் தவறணை என்கிற கள்ளுக்கடை இருந்த காலத்தில் அதற்குப் பனங்கள்ளு இறக்கிக் கொடுத்துப் பிழைத்த குடும்பம் அவளுடையது. இப்போது தவறணை இல்லை.

அதை மூட வைத்தவர் வேறு யாருமல்ல. வினிபிரட்டின் கணவர், மிஷன் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கும் சட்டம்பியார் நேசராஜாதான். மதுவிலக்குச் சங்கத்தின் செயலாளர் என்ற முறையில் தவறணையை மூடுவதா என்ற வாக்கெடுப்பு நாளில் அவர் பட்ட பாடு கொஞ்சமல்ல. வாக்குப் போட வராதவர்கள் எல்லாரும் தவறணை இருக்கட்டும் என்று சொன்னதாகவே கணக்கு. ஆகையால் நடக்க மாட்டாத கிழவர்களைக்கூட மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு போய் இறக்கினார் மனிதர்.

கடைசி வண்டியில் தன் தமையன் அன்புராஜாவையும் ஏற்றினார். ஊருக்குள் அன்புராஜா என்றால் தெரியாது. குடிகார அன்புராஜா என்றால்தான் தெரியும். அவர் தம்பியின் முகத்தை ஒருமுறை பார்த்தார். உள்ளே போய்த் தன் கள்ளுக்குத் தானே எதிராக வாக்குப் போட்டுவிட்டு வந்து, தலை குனிந்து வண்டியில் ஏறிக்கொண்டார்.

தவறணை மூடினால் குடிகாரன் என்ன செய்வான், மரம் ஏறுகிறவன் என்ன செய்வான் என்றெல்லாம் சங்கத்தில் பேசினார்கள். அப்பத்துக்கு என்ன செய்வது என்று மட்டும் ஒருவரும் பேசவில்லை.

இந்தப் பக்கத்து அப்ப மா பொங்குவதே கள்ளில்தான். கொஞ்சம் கள்ளு விட்டுக் குழைத்து வைத்தால்தான் அப்பம் நடுவில் பஞ்சாகவும் ஓரத்தில் முறுகலாகவும் வரும். சைவ வீடோ கிறிஸ்தவ வேத வீடோ, எல்லா வீட்டிலும் இதுதான் வழக்கம். எல்லாருக்கும் தெரிந்த விஷயம் என்பதால் ஒருவரும் அதை வாய்விட்டுச் சொல்வதில்லை.

வினிபிரட் ஒன்றும் முயலாமல் இருக்கவில்லை. போன ஞாயிறு சோடா மா போட்டுச் சுட்டுப் பார்த்தாள். அப்பம் செருப்புத் தோல் மாதிரி வந்தது. நேசராஜா ஒரு வாய் கடித்துவிட்டு வைத்துவிட்டார்.

"நன்றிக் கூட்டத்துக்குக் கொழும்புக் கோட்டிலை வழக்குப் பேசிற பிறக்கிராசியார் வாறார். உப்பிடி அப்பம் குடுத்தால் மானம் போயிடும், வினி. முந்தின மாதிரிச் சுடும்."

முந்தின மாதிரி என்றால் எந்த மாதிரி என்று அவரும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை.

நல்லம்மாவின் புருஷனுக்கு இப்போது கருப்பநீர் இறக்க மட்டும்தான் அனுமதி. முட்டிக்குள் சுண்ணாம்பு பூசி மரத்தில் கட்டினால் இறங்குவது புளிக்காத, இனிப்பான கருப்பநீர். குழந்தைக்கும் கொடுக்கலாம், பனங்கட்டியும் காய்ச்சலாம். பூசாமல் கட்டினால் அதே பாளை கள்ளைத் தரும். "ஒரே ஒரு முட்டிக்குச் சுண்ணாம்பு பூசாமல் விடு, நல்லம்மா" என்று இரண்டு நாளுக்கு முன் கேட்டவள் வினிபிரட்தான்.

"கெதியாய் ஊத்துங்கோ, அம்மா. ஒழுங்கை முகப்பிலை சங்கத்துப் பெடியள் நிக்கினம்" என்றாள் நல்லம்மா.

வினிபிரட் மாவுக்குள் கள்ளை ஊற்றிவிட்டு முட்டியோடு திரும்பி வந்தாள்.

"பொறு, கழுவித் தாறன்."

"வேண்டாமம்மா, வெளிச்சிட்டுது."

நல்லம்மா முட்டியைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு நடந்தாள். ஒரு செம்புத் தண்ணீர் விட்டு அலசிக் கொடுத்திருந்தால் இந்தக் கதைக்கே வேலை இருந்திராது. என்ன செய்வது, அவசரம்.

*

காலைச் சாப்பாட்டு நேரத்துக்கு நேசராஜா கூட்ட மண்டபத்திலிருந்து வந்தார். நடையிலேயே சந்தோஷம் தெரிந்தது.

"பிடிச்சிட்டம், வினி!"

"ஆரை?"

"நல்லம்மாவை. எங்கடை ஒழுங்கையிலேயே பெடியள் மறிச்சுப் போட்டாங்கள். முட்டியிலை மருந்துக்கும் சுண்ணாம்பில்லை, அடியிலை கள்ளு மணக்குது. விதானையார் வீட்டிலை கொண்டுபோய் விட்டிருக்கு."

வினிபிரட் பிட்டுப் பானையை இறக்கி வைத்தாள். இறக்கின கை சுட்டது தெரியவில்லை.

"இனி என்ன செய்யப் போகினம்?"

"ஆருக்குக் குடுத்தனி எண்டு கேட்டால் வாய் திறக்கிறாளில்லை. வாங்கின ஆளைச் சொன்னால் அவளை விட்டிடுறன் எண்டு விதானையார் சொல்லிப்போட்டார். சொல்லாட்டில் பின்னேரம் சாவகச்சேரிக் கோட்டுக்கு அனுப்பிறது. பிறகு புருஷன்ரை அனுமதியும் போயிடும்."

"அதுவும் போனால் அதுகள் என்னத்தைத் தின்னுறது?"

"அதை முட்டி கட்ட முன்னம் யோசிச்சிருக்க வேணும்."

சொல்லிக்கொண்டே மாப்பானையின் மூடியைத் தூக்கிப் பார்த்தார். மா நுரைத்துக்கொண்டு விளிம்புவரை எழும்பியிருந்தது. தூக்கிய மூடியை அதே வேகத்தில் வைத்தார்.

"நல்லாய்ப் பொங்கியிருக்கு" என்றார், அவள் முகத்தைப் பார்க்காமல். "நான் போய்க் கதிரையளை அடுக்கிறன்." பிட்டைத் தொடாமலே போய்விட்டார்.

வினிபிரட் அடுக்களை நிலத்தில் உட்கார்ந்தாள். எழுந்தாள். ஊர்த் தலைவரான விதானையாரின் வீடு கூப்பிடு தூரம். போய் "அந்தக் கள்ளு எனக்குத்தான்" என்று சொன்னால் முடிந்தது. நல்ல சேலையை எடுத்துப் பாதி உடுத்தும் விட்டாள். மதுவிலக்குச் சங்கச் செயலாளரின் பெண்சாதி விதானையாரின் முற்றத்தில் நின்று கள்ளு வாங்கின கதை சொல்வதை நினைத்துப் பார்த்தாள். போதகர் ஐயாவின் முகம் வந்தது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் முகங்கள் வந்தன. சேலையைக் களைந்து மடித்து வைத்தாள்.

அவளுக்கு வெட்கமாக இருந்தது. செய்ததற்கு ஒரு வெட்கம். சொல்லப் பயந்து குந்திக்கொண்டிருப்பதற்கு அதைவிடப் பெரிய வெட்கம். வெட்கப்பட்டுக்கொண்டே அப்பச் சட்டியை அடுப்பில் வைத்தாள்.

*

மத்தியானம் அன்புராஜா அடுக்களை வாசலுக்கு வந்தார். வளவின் பின்பக்கத்து அறையில் இருக்கிற அவர் தேத்தண்ணிக்கு வருகிற நேரம் அது.

தவறணை மூடின புதிதில் அவர் இரண்டொரு தடவை அடுத்த பகுதித் தவறணைவரை நடந்து போனார். பிறகு போகவில்லை. கால் ஏலவில்லையோ, மனம் ஏலவில்லையோ, அவர் சொல்லவில்லை. கை நடுக்கம் குறைந்ததையும் கண்ணில் சிவப்பு வற்றியதையும் வினிபிரட் மட்டும் கவனித்திருந்தாள். நேசராஜாவுக்குக் கூட்டம் கூட்டமாகத் திரியவே நேரம் போதவில்லை.

"பிள்ளை, ஒரு வாய் தேத்தண்ணி தா" என்றவர், மூக்கைச் சுருக்கினார். "மா மணக்குது."

அகப்பை அவள் கையில் நின்றுவிட்டது.

"பயப்பிடாதை. இந்த மணம் ஊரிலை முதல் எனக்குத்தானே தெரியவேணும். காலமை படலையடியிலை உங்கள் இரண்டு பேரையும் கண்டனான்."

"நான் என்ன செய்ய, அத்தான்? அவள் அங்கை வெய்யிலுக்கை நிக்கிறாள்."

"நீ அப்பத்தைச் சுடு. நான் விதானையாரிட்டைப் போய் அது எனக்கு வாங்கினதெண்டு சொல்லுறன்."

"ஐயோ! நீங்கள் குடிச்சு எவ்வளவு காலம்!"

"அது உனக்குத் தெரியும். ஊருக்குத் தெரியுமோ? குடிகாரன் எண்ட பேர் எனக்கு எப்பவோ விழுந்து போச்சு. நான் போய்ச் சொன்னால் ஒருத்தரும் இரண்டாம் கேள்வி கேக்கமாட்டினம்."

"அவருக்குத் தெரிய வந்தால்?"

"வரும். வீட்டை விட்டுப் போ எண்டுவான். அவன் சொல்ல முன்னம் நானே வெளிக்கிட்டால் அவனுக்கும் வாய் நோகாது." அவர் சிரித்தார். சிரிப்பு நல்லாயிருக்கவில்லை.

 அன்புராஜா தேத்தண்ணியை ஆறுதலாகக் குடித்துக் கோப்பையைக் கவிழ்த்து வைத்தார். வேட்டியை இறுக்கிக் கட்டினார். படியில் இறங்கிச் சற்று நின்றார். அவள் தடுப்பாள் என்று நின்றாரோ, செருப்பைத் தேடி நின்றாரோ, நமக்குத் தெரியாது.

அவள் குனிந்து சட்டியிலிருந்த அப்பத்தை எடுத்தாள். அது கருகவில்லை, அப்போது எடுக்கவேண்டிய அவசியமும் இல்லை. நிமிர்ந்தபோது படியில் ஆளில்லை.

*

பெட்டி பெட்டியாக அப்பம் கூட்டத்துக்குப் போன பிறகு, பின்படலையில் நல்லம்மா மறுபடியும் நின்றாள். இந்தமுறை கை வெறுங்கை.

"விட்டிட்டினமோ?" என்று ஓடிவந்தாள் வினிபிரட்.

"விட்டிட்டினம். சட்டம்பியாற்றை தமையனார் வந்து தனக்கெண்டு சொன்னார். விதானையார் நம்பிப்போட்டார். முட்டியைத்தான் முற்றத்திலை போட்டு உடைச்சுப்போட்டினம்."

"நீ என்ரை பேரைச் சொல்லேல்லை, நல்லம்மா. சாகுமட்டும் மறக்கமாட்டன்."

நல்லம்மா அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"உங்களுக்காண்டி வாயைப் பொத்திக்கொண்டு நிண்டனான் எண்டு நினைக்கிறியளோ, அம்மா? சட்டம்பியார் வீட்டுக்குக் குடுத்தன் எண்டு நான் சொன்னால் ஆர் நம்புவினம்? கள்ளு வித்தது போதாதெண்டு பெரிய இடத்துப் பேரையும் கெடுக்கிறாள் எண்டு அதுக்கும் சேர்த்தெல்லோ அடி விழும்."

 வினிபிரட் ஓடிப்போய் ஒரு வாழையிலையில் நாலைந்து அப்பத்தைச் சுற்றிக்கொண்டு வந்தாள்.

"பிள்ளையளுக்குக் கொண்டு போ."

நல்லம்மா கையை நீட்டவில்லை. "விதானையார் முற்றத்திலை விடிஞ்ச நேரம் தொட்டுத் தண்ணி கேட்டனான். ஒருத்தரும் தரேல்லை. இப்ப அப்பம் தாறியள்" என்றாள். "அதைக் கூட்டத்துக்கே குடுங்கோ."

அவள் படலையைச் சாத்தாமல் போய்விட்டாள்.

*

மண்டபத்துக்கு வெளியே புளியமரத்தின் கீழ் நின்ற சிலருக்கு உள்ளே வர மனமில்லை.

"முந்தி வெளிச்சத்திலை குடிச்சம். இப்ப பத்தைக்குள்ளை பதுங்கிக் குடிக்கிறம். உதுதான் இவை கண்ட மதுவிலக்கு" என்றார் ஒருவர். மற்றவர்கள் சிரித்தார்கள்.

உள்ளே பெண்களின் வரிசையில் வேறு கதை. வினிபிரட்டுக்குப் பக்கத்தில் இருந்த பத்மாவதி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "என்ரை மனுசன் இப்ப பொழுதுபட முன்னம் வீட்டை வாறார், அக்கா. பிள்ளையள் தேப்பனோடை இருந்து சாப்பிடுதுகள். உங்கடை அவர் செய்த புண்ணியம்." அவள் கண் கலங்கியிருந்தது. அதுவும் பொய்யில்லை. அதனாலேயே வினிபிரட்டுக்கு அந்தக் கையைப் பிடித்திருக்க முடியவில்லை.

பிரதம விருந்தாளி பிறக்கிராசியார் சோமசேகரம் கொழும்பு மெயிலைப் பிடிக்கவேண்டும் என்பதால் தேநீர் முதலிலும் பேச்சுகள் பிறகும் என்று வைத்திருந்தார்கள். தட்டுகள் வரிசை வரிசையாகப் போயின.

"கொழும்பிலை இப்பிடி ஒரு அப்பம் கண்ணாலையும் காணேலாது" என்று பிறக்கிராசியார் மேடையிலிருந்தே சொன்னார். "செயலாளரின்ரை வீட்டுக் கைப்பக்குவமாம். என்ன மாயம் செய்யிறாவோ!"

எல்லாரும் சிரித்தார்கள். மேடையில் நேசராஜாவும் சிரித்துக்கொண்டு மூன்றாவது அப்பத்தை எடுத்தார்.

அப்போதுதான் விதானையார் பொன்னம்பலம் மேடையில் ஏறி அவர் காதுக்குள் ஏதோ சொன்னார். நேசராஜாவின் சிரிப்பு நின்றது. அப்பத்தைத் தட்டில் வைத்துவிட்டு எழுந்தார். தன் முறை வரும்வரை பொறுக்கவில்லை.

"சகோதர சகோதரிகளே! இன்று காலை பிடிபட்ட கள்ளை வாங்கியவர் யார் என்று தெரிந்துவிட்டது. சொல்ல நாக்குக் கூசுகிறது. என் உடன்பிறந்த தமையன்."

பின்வரிசையில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"உறவென்று நான் மறைக்கப் போவதில்லை. நமது சங்கத்துக்கு ஒரே நீதிதான். இன்று முதல் அவருக்கு என் வீட்டில் இடமில்லை!"

முதலில் ஒருவர் தட்டினார். பிறகு மண்டபமே கைதட்டியது. போதகர் ஐயா கண்களை மூடித் தலையசைத்தார். சொந்த இரத்தத்தையும் பாராத மனிதர் என்று யாரோ உரக்கச் சொன்னார்கள்.

வினிபிரட் அந்தக் கைதட்டலைக் கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்கு வண்டியில் தலை குனிந்து ஏறின அத்தானின் முகம் தெரிந்தது. இனி அவர் எந்த வாசலில் போய் நிற்பார்? காலையிலிருந்து சொல்லாமல் வைத்திருந்ததை இப்போதும் சொல்லாவிட்டால் இனி ஒருநாளும் சொல்ல வராது என்று அவளுக்கு விளங்கியது.

அவள் எழுந்தாள்.

"அத்தான் குடிக்கேல்லை."

குரல் அவளுக்கே கேட்கவில்லை. கைதட்டல் ஓயுமட்டும் நின்று மறுபடி சொன்னாள்.

"அத்தான் குடிக்கேல்லை. அந்தக் கள்ளை நல்லம்மாவிட்டைக் கேட்டு வாங்கினது நான். அது உங்கடை தட்டிலை இருக்கிற அப்பத்துக்குள்ளை கிடக்கு."

பத்மாவதி அவளை இருத்துவதற்காகச் சேலையைப் பிடித்து இழுத்தாள். பிறகு பிடியை விட்டுவிட்டாள்.

ஆண்கள் பக்கத்தில் கடித்த வாய்கள் அப்படியே நின்றன. பெண்கள் பக்கத்தில் ஒருத்திகூட ஆச்சரியப்படவில்லை. ஒவ்வொருத்தியும் தன் தன் தட்டைப் பார்த்துக்கொண்டு தலையைக் குனிந்தாள். விதானையாரின் மனைவி மற்றவர்களைவிட அதிகமாகக் குனிந்திருந்தாள்.

"வினி, என்ன கதை கதைக்கிறீர்?" நேசராஜாவின் மேடைத் தமிழ் எங்கோ போய்விட்டது. "ஆர் உமக்கு உப்பிடிச் செய்யச் சொல்லித் தந்தது?"

"உங்கடை அம்மா. நான் கலியாணம் முடிச்சு வந்த கிழமை. நீங்கள் சின்னனிலையிருந்து திண்டது அந்த அப்பம்தான்."

புளியமரத்தடியில் நின்றவர்கள் சன்னலில் வந்து தொங்கினார்கள். அவர்களிலும் ஒருவருக்கும் சிரிப்பு வரவில்லை.

பிறக்கிராசியார் தன் தட்டைக் காலுக்குக் கீழே வைத்தார். கோட்டில் சாட்சியைக் கேட்கிற குரலில் மெல்லக் கேட்டார்.

"மிஸ்டர் நேசராஜா, இது உமக்குத் தெரியாதுதானே?"

அவர் நல்ல மனிதர். தப்புவதற்கு ஒரு வழியைத் திறந்துவிட்டார். தெரியாது என்ற ஒரு சொல் போதும். வினிபிரட்டும் அதைத்தான் எதிர்பார்த்தாள். சொன்னால் அவர்மேல் கோபப்படுவதற்கில்லை என்றும் நினைத்தாள். அன்று காலையிலிருந்து மாலைவரை அவள் செய்ததும் அதுதானே.

நேசராஜா தட்டிலிருந்த பாதி அப்பத்தைப் பார்த்தார். காலையில் தூக்கிய வேகத்தில் மூடிய மாப்பானை அவருக்கு நினைவு வந்திருக்க வேண்டும்.

"தெரியும்" என்றார். "தெரிஞ்சுகொண்டுதான் தெரியாத மாதிரி இருந்தனான்."

 நேசராஜா விதானையாரின் பக்கம் திரும்பினார்.

"அண்ணை எங்கை? உங்கடை வீட்டிலையோ?"

"நான் அவரை மறிக்கேல்லை, சட்டம்பியார்" என்றார் பொன்னம்பலம். "உங்கடை தமையன் எண்டபடியால் அப்பவே போகச் சொல்லிப்போட்டன். நான் இஞ்சை வரேக்கை கண்டனான். தகரப் பெட்டியோடை ஸ்ரேசன் பக்கம் போனவர்."

கொடிகாமத்துப் பக்கமிருந்து மெயிலின் கூவல் கேட்டது. பிறக்கிராசியார் பழக்கத்தில் மணிக்கூட்டைப் பார்த்தவர், வெட்கப்பட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டார்.

நேசராஜா மேடையை விட்டு இறங்கினார். சால்வை கதிரையிலேயே கிடந்தது. நடு வழியால் அவர் நடக்கையில் மக்கள் கால்களை ஒதுக்கிக்கொண்டார்களே தவிர, ஒருவரும் முகத்தைப் பார்க்கவில்லை. வாசலைத் தாண்டியதும் அவர் ஸ்ரேசனை நோக்கி ஓடத் தொடங்கினார். வினிபிரட்டும் பின்னால் ஓடினாள். புளியமரத்தடிக்கு வந்தபோது மெயில் இரண்டாம் தரமும் கூவியது.